மூன்றாம் ஷையில் தேறியவர்

வன்னியின் உயர்தர உயிரியல் பிரிவு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற ஒருவரிடம் “என்னவாக வரப்போறீர்?” என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான். பெறுபேறு வந்த கிழமையே மருத்துவ பீடத்துக்குத் தெரிவானவரின் படம் பாடசாலை மதிலில் பதாகையாக ஏறிவிடும். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றவர் செகண்ட் ஷை எடுப்பார். அதுவும் சரிவராவிட்டால் தேர்ட் ஷை. பல்கலைக்கழக அனுமதிக்கு அதோடு கதவு சாத்தியாகிவிடும். பிறகு அவர் எங்கே போய் என்ன படித்தாலும் ஊருக்கு அவர் ‘மெடிசின் கிடைக்காத பிள்ளை’தான்.

கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கியிருப்பது 5 வீத இடங்கள். அதை நாட்டின் 16 மாவட்டங்கள் பங்குபோடுகின்றன. வன்னியின் இந்த மூன்று மாவட்டங்களும் அந்தப் பதினாறுக்குள் அடக்கம். மாவட்டக் கோட்டாவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும், உங்கள் வகுப்பில் இருக்கிற பெரும்பாலானோருக்கு மருத்துவ பீடம் கிடைக்கப்போவதில்லை. ரியூசன் வகுப்பில் இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் வாங்குகள் காலியாகும்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மடலின் விஷயம் வேறு. மருந்து எழுதிக் கொடுக்கிறவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மருந்து முதலில் எங்கிருந்து வந்தது, அதைத் தேடுகிற வேலைக்குத் தலைமை தாங்குகிறவர் யார், அவர் என்ன படித்தார் என்பதை நம்முடைய தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகள் தொடுவதேயில்லை. அப்படித் தலைமை தாங்கிய இரண்டு பேரின் வாழ்க்கையை இங்கே பார்க்கலாம். ஒருவர் சென்னையில் படித்தவர், மற்றவர் மதுரையில் படித்தவர்.

முதலாமவரை நீங்கள் பெயர் தெரியாமலே அறிவீர்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கிற சின்ன மஞ்சள் ஃபோலிக் அமிலக் குளிசை ஞாபகமிருக்கும். உங்கள் உயிரியல் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற ஏ.ரி.பி. மூலக்கூறு இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு மருந்தெடுக்கிற அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள்: கிழமையில் ஒரு நாள் மெதோட்ரெக்சேற், இன்னொரு நாள் ஃபோலிக் அமிலம் என்று எழுதியிருக்கும். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிற பிள்ளைக்கும் அதே மெதோட்ரெக்சேற்றைக் கொடுக்கிறார்கள். இவை எல்லாவற்றின் பின்னாலும் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஒரே பெயர் இருக்கிறது.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் புலி என்று யாரும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதளவில், காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பி, தாயாரால் திரும்ப இழுத்துவரப்பட்டவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மெட்ரிகுலேஷன் சோதனையில் இரண்டு தடவை தவறினார். மூன்றாவது தடவை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். உங்கள் பாஷையில் சொன்னால் தேர்ட் ஷை.

பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். ஸ்புரூ என்ற வெப்பமண்டலக் குடல்நோய். சாப்பாடு உடம்பில் சேராமல் குருதி வற்றி ஆள் கரைந்துபோகும். அந்த நோயில் ஃபோலிக் அமிலக் குறைபாடும் ஒரு கூறு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஃபோலிக் அமிலம் என்ற பொருளே அன்று தெரியாது.

காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதரில் தைத்த சத்திரசிகிச்சை அங்கியோடு கல்லூரிக்குப் போனார். அறுவைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துச் சோதனையில் நன்றாகச் செய்தும் கையில் வந்தது எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். அரசாங்க மருத்துவ சேவைக்குள் போக அது போதவில்லை. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். மாமனாரின் உதவியோடு கப்பலேறி 1922 ஒக்டோபர் 26 அன்று பொஸ்ரன் நகரில் இறங்கினார். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. இதைத் தியாகம் என்று சில நூல்கள் பாடுகின்றன. அந்த மனைவியிடம் கேட்டிருந்தால் வேறு சொல் சொல்லியிருப்பார்.

பொஸ்ரனில் அவருடைய சான்றிதழுக்கு வைத்தியராக வேலை கிடைக்கவில்லை. பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் இராத் தொழிலாளியாகச் சேர்ந்தார். நோயாளரின் மலசலப் பாத்திரம் கழுவுகிற வேலை. பகலில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்இரசாயன ஆய்வுகூடம்.

அங்கே அவர் செய்த முதல் வேலையைக் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் அதன் ஒவ்வொரு படியும் உங்கள் இரசாயனப் பாடத்தோடு ஒட்டியது. குருதியிலும் சிறுநீரிலும் எவ்வளவு பொசுபரசு இருக்கிறது என்று அளக்க வேண்டும். மாதிரியோடு அமில ஊடகத்தில் மொலிப்டேற்றைச் சேர்த்தால் பொசுபேற்று அதனோடு சேர்ந்து ஒரு சிக்கலாகும். அதை மெதுவாகத் தாழ்த்தினால் கரைசல் நீலமாகும். பொசுபேற்று கூடினால் நீலமும் கூடும். ஆகவே நிறத்தின் செறிவை அளந்தால் பொசுபரசின் அளவு வந்துவிடும். தத்துவம் முன்பே தெரிந்ததுதான். எந்தத் தாழ்த்தியைப் போட்டால் நீலம் நிலையாக நிற்கும் என்பதுதான் சிக்கலாக இருந்தது. பொருத்தமான தாழ்த்தியைக் கண்டுபிடித்து 1925 இல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் பல்கலைக்கழகச் செய்முறை வகுப்புகளில் பல தலைமுறை அதைச் செய்தது. நீங்களும் ஒருநாள் செய்யக்கூடும்.

நல்ல அளவுகோல் கையில் வந்தால் மற்றவர் கண்ணில் படாதது படும். தசையில் பொசுபரசை அளந்துகொண்டு போனவர்கள், சுருங்கும்போது அது எங்கோ குறைந்து, ஓய்வில் திரும்ப ஏறுவதைக் கண்டார்கள். 1927 இல் பொசுபோகிரியற்றின், 1929 இல் ஏ.ரி.பி. இரண்டாவதை ஜேர்மனியில் கார்ல் லோமன் தனியாகக் கண்டுபிடித்துச் சற்று முந்தி வெளியிட்டுவிட்டார். தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1922 ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற விளக்கம் ஒன்று இருந்தது. புதிய கண்டுபிடிப்புகள் அதை ஆட்டிவிட்டன. 1930 இல் சுப்பாராவுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஹார்வர்ட் நிரந்தரப் பதவி மட்டும் கொடுக்கவில்லை.

1940 இல் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் றிவர் என்ற சிற்றூரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பனிக்குப் போனார். சில காலத்தில் அதன் ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். அன்றைய பல்கலைக்கழக ஆட்களுக்குக் கம்பனி என்றால் ஒரு இளக்காரம். இவருக்கோ பல்கலைக்கழகம் மூடிய கதவைக் கம்பனி திறந்துவிட்டது. அங்கே போன எட்டு ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை அடுக்கினால் ஒரு மனிதரின் கணக்கில் சேர்க்கத் தயக்கம் வரும்.

ஃபோலிக் அமிலத்திலிருந்து தொடங்கலாம். 1930களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாயில் கர்ப்பிணிகளின் ஒருவகைக் குருதிச்சோகையை ஆராய்ந்தார். நம் வீடுகளில் பாணில் பூசுகிற அதே மார்மைற்றைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதற்குள் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தெரிந்தது. அது என்ன என்பது தெரியவில்லை. 1941 இல் அமெரிக்காவின் ரெக்சஸில் நான்கு தொன் பசளிவகைக் கீரையிலிருந்து அதில் ஒரு சொட்டைப் பிரித்தார்கள். லெடர்லியில் சுப்பாராவின் குழு ஈரலிலிருந்து அதே பொருளைப் பிரித்து, அமைப்பை அறிந்து, 1945 இல் ஆய்வுகூடத்திலேயே தொகுத்துக் காட்டியது. தொகுக்க முடிந்த பிறகுதான் அது குளிசையாகி ஊருக்குள் வரமுடிந்தது. அந்தக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் இருக்கின்றன. தலைமை தாங்கியவரின் பெயர் பட்டியலின் நடுவில் எங்கோ கிடக்கிறது.

கருவில் இருக்கிற பிள்ளையின் முள்ளந்தண்டு வடம் சரியாக மூடிக்கொள்ள ஃபோலிக் அமிலம் உதவுகிறது என்பது 1991 இல் பிரித்தானிய ஆய்வொன்றில்தான் உறுதியானது. மஞ்சள் குளிசை கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கப்படுவது அதனால்தான். சுப்பாராவுக்கு அது தெரியாது.

ஃபோலிக் அமிலத்தின் அமைப்பு தெரிந்த பிறகுதான் இரசாயனம் தன் வேலையைக் காட்டியது. பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையில் நோயியலாளர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கத்துக்கும் தேவை என்றால் அதைத் தடுக்கிற ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். லெடர்லி இரசாயனவியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தின் வளையத்தில் ஒரே ஓர் ஐதரொட்சில் கூட்டத்தை எடுத்துவிட்டு அமினோக் கூட்டத்தை வைத்தார்கள். பெரிய மூலக்கூறில் இது சின்ன மாற்றம். ஆனால் கலத்துக்குள் இருக்கிற நொதியத்துக்கு அது பூட்டுக்குள் முறிந்த திறப்பு: உள்ளே போகும், திரும்பாது, வெளியேயும் வராது. அதன் பெயர் அமினோப்ரெறின். ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேரில் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் கட்டுரை வெளியானது. அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைக்கு வைத்தியர்கள் செய்யக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. அமினோப்ரெறினில் ஒரு மெதயில் கூட்டத்தைக் கூடச் சேர்த்தால் வருவது மெதோட்ரெக்சேற். நஞ்சு சற்றுக் குறைவு, அளவைக் கட்டுப்படுத்துவது எளிது. அம்மம்மாவின் கொப்பியில் இருப்பது அதுதான். தடுக்கிற மருந்தின் பக்கவிளைவைக் குறைக்கத் தடுக்கப்பட்ட பொருளையே இன்னொரு நாள் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே கூடத்திலிருந்து வந்தவை.

யானைக்கால் நோய்க்கான டைஎதில்காபமசீனும் 1947 இல் அங்கிருந்துதான் வந்தது. இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் சனத்துக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று அது. 2016 இல் இந்நாட்டில் யானைக்கால் ஒரு பொதுச்சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஓறியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் கதை இன்னும் சுவையானது. அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் டகர், பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்று எழுபது வயதைத் தாண்டியவர். தாவரவியலாளர். மிசூரியிலிருந்து வந்த ஒரு மண் மாதிரியில் இருந்த நுண்ணங்கியிலிருந்து எடுத்தார். எழுபது தாண்டியவரை லெடர்லி வேலைக்குச் சேர்த்தது என்பதில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிகிறது.

1948 ஆகஸ்ட்டில், 53 வயதில், மாரடைப்பால் சுப்பாராவ் இறந்தார். ஃபார்பரின் கட்டுரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டவர் என்பதை வைத்து, ‘தோல்விதான் வெற்றியின் முதல் படி’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியான வாசிப்பு இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைத்திருந்தால் அவர் ஒருவேளை மாகாணத்தில் எங்கோ நல்ல வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். அதிலும் குறை ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது, அவர் கடைசிவரை செய்த வேலையின் தன்மை. அளந்தார், பிரித்தார், தொகுத்தார், மாற்றினார். எல்லாம் இரசாயனம்.

இரண்டாமவர் இன்று வாழ்கிறவர். முத்தையா மனோகரன், தமிழ்நாட்டுக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் படித்தார். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில், திண்மத் தோற்ற இரசாயனத்துக்குப் பாடநூல் எழுதிய ஏர்னஸ்ட் எலியலிடம் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஐசிஸ் என்ற கம்பனியில் மருந்து இரசாயனப் பிரிவை நடத்திவிட்டு 2003 இல், தொடங்கி ஒரு வருடமேயான அல்நைலம் என்ற கம்பனிக்குப் போனார். மருத்துவம் படித்தவர் இல்லை.

அல்நைலம் நம்பியிருந்த கருத்து 1998 இல் வந்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. துண்டொன்று கலத்துக்குள் போனால், அதற்கு ஒத்த செய்தி ஆர்.என்.ஏ. அழிக்கப்படும், புரதம் உருவாகாது. அதைக் கண்ட அன்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் 2006 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ‘டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம்’ என்று நீங்கள் மனப்பாடம் செய்கிறீர்களே, அந்த இரண்டாவது அம்புக்குறியை வெட்டலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. நோயை உண்டாக்குகிற புரதத்தை உருவாகவே விடாமல் செய்யலாம்.

கடதாசியில் அழகாக இருந்தது. ஊசியில் ஏற்றினால் குருதியிலேயே நொதியங்கள் ஆர்.என்.ஏ.யைக் கடித்துத் தின்றன. தப்பியது சிறுநீரோடு போனது. அதையும் மீறி மிஞ்சியது கலச்சவ்வைத் தாண்டவில்லை. அல்நைலம் இரசாயனவியலாளரைத் தேடியது இதற்காகத்தான். மனோகரனின் குழு இழையின் வெல்லக் கூட்டங்களிலும் பொசுபேற்று இணைப்புகளிலும் ஒவ்வொன்றாக மாற்றம் செய்து பார்த்தது. 2004 இல் கொலஸ்ரரோலை ஒட்டி எலியின் ஈரலுக்குள் அனுப்பிக் காட்டினார்கள். எலிக்குச் சரி, மனிதருக்கு அது போதவில்லை.

பெரிய கம்பனிகள் பொறுமை இழந்தன. 2010 இல் றோஷ் இந்தத் துறையையே கைவிட்டது. மேர்க் 2006 இல் 110 கோடி டொலருக்கு வாங்கிய கம்பனியை 2014 இல் 17.5 கோடி டொலர் பெறுமதிக்கு அல்நைலத்திடமே விற்றது. அல்நைலத்திலும் ஆட்குறைப்பு நடந்தது. அந்த ஆண்டுகளில் குழுவைக் கலைக்காமல் வைத்திருப்பதே தலைமை தாங்குகிறவரின் வேலையாக இருந்திருக்கும்.

விடை ஒரு வெல்லத்தில் இருந்தது. ஈரல் கலங்களின் மேற்பரப்பில், கலக்ரோஸ் வகை வெல்லத்தைப் பிடித்து உள்ளே இழுக்கிற வாங்கி ஒன்று இருக்கிறது. உடல் பழைய புரதங்களைத் துப்புரவு செய்ய வைத்திருப்பது. அந்த வெல்லம் மூன்றை ஆர்.என்.ஏ.யின் ஒரு நுனியில் பூட்டி, தோலுக்குக் கீழே ஊசி போட்டால் ஈரலே அதைத் தேடி இழுத்துக்கொள்கிறது. 2014 இல் அதன் இரசாயனத்தை விரிவாக வெளியிட்டார்கள்.

அதோடும் கதை நேராகப் போகவில்லை. அதே முறையில் செய்த றெவூசிரான் என்ற மருந்தின் கடைசிக் கட்டச் சோதனையை 2016 ஒக்டோபரில் நிறுத்த வேண்டி வந்தது. மருந்து எடுத்தவர்களில் 18 பேரும், வெறும் ஊசி எடுத்தவர்களில் 2 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்கள் இரண்டு மடங்கு என்பதைக் கணக்கில் எடுத்தாலும் அது பொறுக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. இன்னொரு பாதையில், கொழுப்புத் துணிக்கைக்குள் வைத்து அனுப்பிய பற்றிசிரான் 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வகையில் உலகின் முதல் மருந்து. வெல்லம் பூட்டிய கிவோசிரான் 2019 இல் வந்தது. கொலஸ்ரரோலைக் குறைக்க ஆண்டுக்கு இரண்டே தடவை போடுகிற இன்கிளிசிரான் என்ற ஊசியும் அதே வெல்ல வழியில் போவதுதான்.

மனோகரன் அல்நைலத்துக்குப் போனதற்கும் முதல் மருந்துக்கும் இடையில் 15 ஆண்டுகள். இது விதிவிலக்கு இல்லை. ஒரு மருந்து ஆய்வுகூடத்திலிருந்து குளிசையாக வர சாதாரணமாக 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். மனிதரில் சோதிக்கிற நிலைவரை வந்தவற்றிலும் பத்துக்கு ஒன்பது விழுந்துவிடும். இந்தத் தொழிலில் ஒருவர் வாழ்நாள் முழுக்க நேர்மையாக உழைத்து, ஒரு மருந்துகூடக் கடைக்குப் போகாமலே ஓய்வுபெறலாம். பலர் அப்படித்தான் பெறுகிறார்கள். இதை மறைத்து உங்களைக் கூப்பிடுவது சரியில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பற்றிசிரான் வெளிவந்தபோது அதன் அறிவிக்கப்பட்ட விலை ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,50,000 டொலர். மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியத்தில் அதை யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. மருந்தைக் கண்டுபிடிப்பதும் அது ஆளிடம் போய்ச் சேர்வதும் இரண்டு வேலைகள். இரண்டாவதைப் பற்றி இந்தத் தீவில் ஆழமாக யோசித்தவர் பேராதனைப் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. விலையுயர்ந்த வணிகப் பெயர்களுக்குப் பதிலாக, தேவையான மருந்துகளை அவற்றின் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கலாம் என்ற அவருடைய திட்டத்திலிருந்துதான் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 1977 இல் கயானாவில் இறந்தார். மருந்து இல்லாத வைத்தியசாலை எப்படியிருக்கும் என்று 2009 இன் முதல் மாதங்களில், போரின் கடைசியில், இந்த மண்ணில் இருந்த உங்கள் பெற்றோரிடம் விளக்கத் தேவையில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் அதன் ஒரு துளியைப் பார்த்தது.

இனி வன்னிக்கு வருவோம். ஒரு காலத்தில் வன்னிக்கு மாற்றல் என்றால் உத்தியோகத்தர்கள் காய்ச்சலுக்குப் பயந்தார்கள். கசக்கிற குளோரோகுயின் குளிசையை விழுங்கிய ஞாபகம் உங்கள் தாய் தகப்பனுக்கு இருக்கும். அது 1934 இல் ஜேர்மனியின் பேயர் கம்பனியில் உருவாகி, ‘நஞ்சு அதிகம்’ என்று தவறாக ஒதுக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திரும்ப எடுக்கப்பட்டது. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் நாடு மலேரியா அற்றதாகச் சான்று பெற்றது. உங்கள் தலைமுறைக்கு அந்தக் கசப்பு தெரியாது.

புடையனை மட்டும் உங்களுக்கும் தெரியும். வயல் வெட்டுக் காலத்தில் வைக்கோலுக்குள் கிடக்கிற கண்ணாடிப் புடையன். இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. நம் வைத்தியசாலைகளில் போடுகிற நஞ்சுமுறி ஊசி இந்தியாவிலிருந்து வருகிறது; இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துக் குதிரையில் தயாரித்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் இருளர்கள் 1978 முதல் நடத்துகிற கூட்டுறவுச் சங்கம் அந்த நஞ்சின் முக்கியமான ஊற்று. அந்த ஊசி உயிர்களைக் காப்பாற்றுகிறது, அதேவேளை நம் நோயாளர் பலரில் ஒவ்வாமையையும் உண்டாக்குகிறது. வயலிலேயே விழுங்கிவிட்டு வைத்தியசாலைக்கு ஓடக்கூடிய குளிசை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும்? வரெஸ்பிளாடிப் என்று ஒன்றை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்தவர்களில் சோதித்திருக்கிறார்கள். அது பாம்புக்காகச் செய்யப்பட்டது இல்லை. இதய நோய்க்கான சோதனையில் தோற்றுப்போன மருந்து. பாம்பு நஞ்சில் இருக்கிற ஒரு நொதியத்தையும் அது தடுக்கும் என்று பின்னர் ஒருவர் பரிசோதித்துப் பார்த்தார்.

நஞ்சிலிருந்தே மருந்தும் வரும். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சைப் பற்றி சேர்ஜியோ ஃபெரெய்ரா 1960களில் செய்த ஆய்விலிருந்து வழி பிடித்து, ஸ்குயிப் கம்பனியின் குஷ்மனும் ஒன்டெற்றியும் கப்ரோப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தை உருவாக்கினார்கள். கிளினிக்கில் கொடுக்கிற எனலப்ரில் அதன் தம்பி. ஃபெரெய்ரா தன் ஊர்ப் பாம்பிலிருந்து தொடங்கினார் என்பது முக்கியம். புடையனிலிருந்து தொடங்கும் எண்ணம் தூரத்து நாட்டு மருந்துக் கம்பனியில் இருக்கிறவருக்குத் தானாக வராது. வவுனியாவின் சில பகுதிகளிலும் வெலிஓயாப் பக்கத்திலும் விவசாயிகளைப் பிடிக்கிற, காரணம் இன்னும் தீர்மானமாகாத சிறுநீரக நோயும் அப்படித்தான்.

வழி என்ன என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்கு உயிரியல் விஞ்ஞானத்தில் போகிறவர் இரசாயனத்தை ஒரு பாடமாக எடுத்து, நன்றாகச் செய்தால் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் செய்யலாம். பார்மசி படிப்பும் அங்கே இருக்கிறது. கொழும்பிலும் பேராதனையிலும் உயிர்இரசாயனம், மூலக்கூற்று உயிரியல். 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சூழல் விஞ்ஞானம். பிறகு கலாநிதிப் பட்டம். அது இல்லாமல் இந்தத் தொழிலில் குழுவுக்குத் தலைமை தாங்குவது கடினம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரசாயனக் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவானால் பொதுவாகப் படிப்புக் கட்டணம் இல்லை, கற்பித்தல் உதவியாளராக மாதச் சம்பளமும் உண்டு. இதற்கு முகவருக்கு இலட்சக் கணக்கில் கட்டத் தேவையில்லை, காணி ஈடு வைக்கவும் தேவையில்லை. பலர் இதைத் தெரியாமலே வேறு விசாவுக்குக் காணியை விற்கிறார்கள்.

மொழி ஒரு தடையாக இருக்கும். உயர்தரம்வரை ‘நொதியம்’, ‘தாழ்த்தல்’ என்று படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் முதல் வாரத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது நம் பிள்ளைகள் பலர் அரை வருடத்தைத் தொலைக்கிறார்கள். சோதனைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் வீட்டில் சும்மா இருக்கிற மாதங்களில், நீங்கள் ஏற்கெனவே படித்த சேதன இரசாயன அலகை ஆங்கிலப் பாடநூல் ஒன்றில் திரும்ப வாசியுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் சொல் மட்டும்தான் புதிது.

பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பக் கிடைப்பது சில கிழமைகள்தான். அந்த அவசரத்தில் மருத்துவத்துக்குக் கீழே எதை எத்தனையாவதாகப் போடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. கொம்யூனிக்கேஷன் கடையில் இருக்கிற தம்பி வேகமாகத் தட்டுகிற வரிசையே போய்விடுகிறது. உயிரியல் விஞ்ஞானத்தை அந்த வரிசையில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே, சோதனைக்கு முன்னரே, அம்மா அப்பாவோடும் உங்கள் இரசாயன ஆசிரியரோடும் ஒரு பின்னேரம் இருந்து பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு இந்த மடலையும் கொண்டுபோகலாம்.